பினோக்கியோவின் பசியும் ஃப்ராய்டின் மூன்று எசமானர்களும்

1

குழந்தை இலக்கியத்தை உளப்பகுப்பாய்வு நோக்கில் வாசிப்பதாகச் சொல்லிக்கொண்டு வருகிற கட்டுரைகளில் முக்கால்வாசி ஒரே அச்சில் வார்த்தவை. ஒரு கதையை எடுத்துக்கொள்ள வேண்டியது. அதில் சொன்ன பேச்சு கேட்காத ஒரு பாத்திரம் இருக்கும், அது 'இட்'. புத்தி சொல்லிக்கொண்டே இருக்கிற இன்னொன்று இருக்கும். அது 'சூப்பர் ஈகோ'. இரண்டுக்கும் நடுவில் முழித்துக்கொண்டு நிற்பது 'ஈகோ'. மூன்று சீட்டையும் ஒட்டியாகிவிட்டது என்றால் கட்டுரை முடிந்தது. ஜாதகக் கட்டத்தை வைத்துக்கொண்டு பொருத்தம் பார்க்கிற வேலைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. பொருந்தாத ஜாதகம் என்று எதுவும் இந்த ஜோசியர்களின் கைக்கு வருவதே இல்லை, அவ்வளவுதான்.

இதனால் என்ன குடிமுழுகிப் போய்விட்டது என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். விளையாட்டான, அரசியல் சாயம் இல்லாத ஒரு வகுப்பறைப் பயிற்சி மாதிரிதான் இது தெரிகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் இது ஒரே தீர்ப்பைத்தான் எழுதுகிறது: இட் அடங்கியது, ஈகோ வளர்ந்தது, குழந்தை பெரியவனாயிற்று, சுபம். இந்தத் தீர்ப்புக்குள் பசி என்பது கெட்ட குணமாகிவிடுகிறது. போலீசும் நீதிபதியும் மனசாட்சியாகிவிடுகிறார்கள். இந்த மாற்றம் எப்படி நடக்கிறது என்பதுதான் நம் கேள்வி. அதற்கு ஃப்ராய்டைத் தூக்கிப் போடவேண்டிய அவசியம் இல்லை. அவரைக் கொஞ்சம் முழுசாக வாசித்தால் போதும்.

சீட்டு ஒட்டுகிறவர்களுக்கு ரொம்ப வசதியான பிரதி, அமெரிக்கரான டாக்டர் சூஸ் 1957இல் எழுதிய 'தொப்பி போட்ட பூனை'. அம்மா வெளியே போயிருக்கிறாள். குளிரும் ஈரமுமான நாள். பையனும் தங்கையும் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். தொப்பி போட்ட பூனை ஒன்று உள்ளே நுழைந்து வீட்டைத் தலைகீழாக்குகிறது. தொட்டி மீன், அம்மா இல்லாதபோது இதெல்லாம் கூடாது என்று கத்திக்கொண்டே இருக்கிறது. பூனை இட், மீன் சூப்பர் ஈகோ, பிள்ளைகள் ஈகோ. பாடப்புத்தகத்துக்கென்றே செய்தமாதிரி இருக்கிறது, இல்லையா?

ஆனால் கதையின் கடைசிப் பக்கங்கள் இந்தக் கணக்குக்குள் வருவதில்லை. பூனை கொண்டுவந்த இரண்டு குட்டிப் பிசாசுகளைப் பையன் வலைபோட்டுப் பிடிக்கிறான், சரி. அலங்கோலமான வீட்டைச் சுத்தம் பண்ணுவது யார்? அதே பூனைதான். ஒரு எந்திரத்தை ஓட்டிக்கொண்டு வந்து தடயம் இல்லாமல் துடைத்துவிட்டுப் போகிறது. இட் எப்போது வீடு துடைத்தது? பிறகு அம்மா வந்து, இன்றைக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்கிறாள். பிள்ளைகள் பதில் சொல்வதில்லை. நீயாக இருந்தால் சொல்லுவாயா என்று கேள்வி வாசிக்கிற குழந்தையின் பக்கம் திரும்பிவிடுகிறது. அம்மாவிடம் மறைப்பது பற்றிக் குழந்தையிடமே யோசனை கேட்கிற இந்த இடம்தான் அந்தப் பிரதியின் உயிர். மூன்று சீட்டும் தீர்ந்துபோன பிறகு வருவதால் கட்டுரையாளர் கண்ணில் இது படுவதே இல்லை.

2

முதலில் இந்த மூன்று சொற்களைப் பற்றி. ஃப்ராய்ட் 1923இல் இந்தக் கோட்பாட்டை முன்வைத்த நூலில் லத்தீன் சொல் எதையும் போடவில்லை. அவர் எழுதிய ஜெர்மன் சொற்கள் எந்தக் குழந்தையும் தினசரி பேசுகிற சொற்கள்: 'அது', 'நான்', அப்புறம் நானுக்கு மேலே உள்ள ஒரு 'மேல்நான்'. ஆங்கில மொழிபெயர்ப்பாளர்கள் அதற்கு லத்தீன் சட்டை மாட்டிவிட்டார்கள். இதனால் மனித மனம் பற்றிய பேச்சு மருத்துவமனைப் பேச்சாகிவிட்டது என்று 1982இல் புரூனோ பெத்தல்ஹைம் ஒரு தனிப் புத்தகமே எழுதிப் புகார் சொன்னார். நாமோ அந்த லத்தீனை ஆங்கிலம் வழியே வாங்கி, தமிழ் எழுத்தில் போட்டு, அதுதான் கோட்பாடு என்று வைத்துக்கொண்டிருக்கிறோம். 'எனக்குள்ளிருந்து அது பேசுகிறது' என்று சொன்னால் யாருக்கும் புரியும். 'இட்' என்று சொன்னதும் அது ஒரு பூனைக்கோ பன்றிக்கோ கழுத்தில் மாட்டுகிற வில்லையாகிவிடுகிறது. இனி இங்கே 'அது', 'நான்', 'மேல்நான்' என்றே எழுதுவோம்.

ஒரு மனத்துக்குள் நடக்கிற சண்டையைப் பல பாத்திரங்களாகப் பிரித்துப் பார்ப்பதே தப்பு என்று சொல்ல வரவில்லை. எழுத்தாளன் தன் நானைப் பல துண்டுகளாக்கிப் பல பாத்திரங்களில் உலவவிடுகிறான் என்று ஃப்ராய்டே 1908இல் பகற்கனவு பற்றிய கட்டுரையில் சொல்லியிருக்கிறார். பிரச்சினை வேறு இடத்தில் இருக்கிறது. 1933இல் வெளியான புதிய அறிமுக விரிவுரைகளில் அவர் சொல்வதைப் பாருங்கள். பாவப்பட்ட இந்த நானுக்கு எசமானர்கள் மூன்று பேர். ஒருவர் அது, இன்னொருவர் மேல்நான். மூன்றாவது எசமானர் வெளியுலகம். சீட்டு ஒட்டுகிற விமர்சனம் இந்த மூன்றாமவரை அப்படியே விழுங்கிவிடுகிறது. வெளியுலகம் என்றால் குளிர், பசி, கூலி, சட்டம், சிறை. அதை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது அடங்காத ஆசையும் அதை அடக்குகிற அறிவுரையும்தான். வறுமையால் நடந்த ஒவ்வொன்றும் அப்போது குணக்கேடாகத்தான் படிக்கப்படும்.

மூன்று பன்றிக்குட்டிகள் கதைக்கு நேர்ந்தது இதுதான். பெத்தல்ஹைம் 1976இல் எழுதிய, தேவதைக் கதைகளின் பயன் பற்றிய புகழ்பெற்ற நூலில் இந்தக் கதை வருகிறது. முதல் இரண்டு குட்டிகளும் இன்பநாட்டத்தில் வாழ்கின்றன. மிச்ச நேரத்தில் விளையாடலாம் என்று அவசரமாக வீட்டைக் கட்டிவிடுகின்றன. மூன்றாவது குட்டி யதார்த்தத்தை ஒப்புக்கொண்டு செங்கல் வீடு கட்டுகிறது. மூன்றும் ஒரே ஆளின் வளர்ச்சிப் படிகள் என்பதால் முதல் இரண்டும் ஓநாய்க்கு இரையாவதில் குழந்தைக்கு வருத்தம் இருக்காது என்பது அவர் வாதம்.

ஜோசப் ஜேக்கப்ஸ் 1890இல் அச்சிட்ட ஆங்கில வடிவத்தைப் புரட்டிப் பாருங்கள். தாய்ப்பன்றிக்குக் குட்டிகளை வைத்துச் சோறு போட வழியில்லை. அதனால் பிழைத்துக்கொள்ளுங்கள் என்று வெளியே அனுப்புகிறது. முதல் குட்டி வழியில் பார்க்கிற ஆள் வைக்கோல் கட்டு வைத்திருக்கிறான், கேட்டு வாங்குகிறது. இரண்டாவதற்கு எதிர்ப்படுகிறவனிடம் இருப்பது சுள்ளி. மூன்றாவதற்கு எதிர்ப்பட்டவனிடம் செங்கல் இருந்தது. விளையாட்டு, சோம்பேறித்தனம் பற்றி அங்கே பேச்சே இல்லை. குழலும் பிடிலும் வாசித்துக்கொண்டு ஆடுகிற சோம்பேறிக் குட்டிகளை உலகம் முழுக்கக் கொண்டுபோனது வால்ட் டிஸ்னியின் 1933ஆம் வருடக் கார்ட்டூன். அமெரிக்காவில் கோடிக்கணக்கானவர்கள் வேலையிழந்து கிடந்த வருடம் அது. வைக்கோல் வீட்டில் இருக்கிறவன் சோம்பேறியாகத்தான் இருப்பான் என்கிற எண்ணம் கோட்பாட்டுக்குள் நுழைந்து, 'இன்பநாட்டம்' என்று பேர் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

எரிக் ஃப்ராம் விஷயத்திலும் இதேமாதிரி ஒரு கோளாறு உண்டு. சிவப்புக் குல்லாய்ச் சிறுமி கதையில் சிவப்புக் குல்லாய் என்பது மாதவிடாய், உடைத்துவிடாதே என்று அம்மா எச்சரிக்கிற பாட்டில் என்பது கன்னித்தன்மை என்று அவர் 1951இல் எழுதினார். பிரெஞ்சுக் குடியானவர்கள் வாய்மொழியாகச் சொல்லிவந்த வடிவங்களில் இந்தக் குல்லாயும் கிடையாது, பாட்டிலும் கிடையாது என்று 1984இல் வரலாற்றாசிரியர் ராபர்ட் டார்ன்டன் எடுத்துக்காட்டினார். குல்லாய் 1697இல் பெரோ போட்டது. பாட்டில் 1812இல் கிரிம் சகோதரர்கள் கொடுத்தது. குடியானவர்கள் கதையில் வேறு ஒன்று இருந்தது: பசித்து வந்த சிறுமி ஓநாய் வெட்டிவைத்த பாட்டியின் கறியையே தெரியாமல் தின்கிறாள். இல்லாத பாட்டிலுக்குள் நனவிலியைத் தேடியவர்கள் எதிரே இருந்த தட்டைப் பார்க்காமல் போனார்கள்.

3

இந்தப் பின்னணியோடு கார்லோ கொலோடியின் பினோக்கியோவுக்கு வருவோம். சீட்டு ஒட்டுகிறவர்கள் வழக்கமாகச் சொல்வது இது: மரப்பொம்மை என்பது அடங்காத இட், பேசும் சிள்வண்டு சூப்பர் ஈகோ, கடைசியில் பிறக்கிற நிஜப் பையன் முதிர்ந்த ஈகோ. நீளுகிற மூக்கு என்ன என்பதை நான் சொல்லவேண்டியதில்லை, எல்லோரும் சொல்லிவிட்டார்கள்.

அந்த மூக்கிலிருந்தே தொடங்கலாம். பொய் சொன்னால் நீளும் மூக்கு என்றுதான் உலகத்துக்குத் தெரியும். ஆனால் பொய்க்காக மூக்கு நீளுவது 17ஆம் அத்தியாயத்தில்தான். அதற்கு வெகுமுன்பே, 5ஆம் அத்தியாயத்தில், அது ஒருமுறை நீண்டுவிட்டது. பொம்மைக்குப் பசி. வீட்டில் அடுப்பு எரிகிறது, மேலே பானை கொதிக்கிறது. ஓடிப்போய் மூடியைத் திறக்கப் பார்க்கிறான். அடுப்பும் நெருப்பும் பானையும் சுவரில் வரைந்த சித்திரம். தச்சன் ஜெப்பெத்தோவுக்குச் சமைக்க எதுவும் இல்லாததால் சமையலைப் படமாக வரைந்துவைத்திருக்கிறான். அந்த ஏமாற்றத்தில் பினோக்கியோவின் மூக்கு குறைந்தது நாலு விரற்கடை நீளுகிறது. யாரும் அங்கே பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது சுவர்தான்.

கதை முழுக்க இந்தப் பசி துரத்திக்கொண்டே வருகிறது. கிடைத்த ஒற்றை முட்டையை உடைத்தால் உள்ளிருந்து குஞ்சு பறந்துபோகிறது. மழை இரவில் ரொட்டி கேட்டுப் போனவன் தலையில் ஒரு கிழவன் தண்ணீரைக் கொட்டுகிறான். குளிர்காயக் கணப்பில் கால் வைத்துத் தூங்கியவனுக்குக் காலே எரிந்துபோகிறது. ஜெப்பெத்தோ தன் காலை உணவுக்கு வைத்திருந்த மூன்று பேரிக்காயைக் கொடுக்கிறான். தோல் வேண்டாம் என்று முதலில் முகம் சுளித்தவன், பிறகு தோலையும் நடுத்தண்டையும் சேர்த்தே தின்றுமுடிக்கிறான். இதில் எங்கே இருக்கிறது இன்பநாட்டம்? 1880களின் டஸ்கனியில் ஏழை வீட்டுக் குழந்தைக்கு இருந்த வயிறுதான் இது.

அப்பா என்கிறவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜெப்பெத்தோ ஏன் பொம்மை செய்கிறான்? பிள்ளை இல்லாத ஏக்கத்தால் அல்ல. ஆடுகிற பொம்மை ஒன்று இருந்தால் ஊர் ஊராகப் போய் ஒரு துண்டு ரொட்டியும் ஒரு கிளாஸ் ஒயினும் சம்பாதிக்கலாம் என்பதுதான் அவன் வாயால் சொன்ன காரணம். குழந்தை முதலில் ஒரு பிழைப்புக் கருவியாகத்தான் யோசிக்கப்படுகிறது. பாசம் பின்னால் வருகிறது, அதுவும் தன் ஒரே கோட்டை விற்று அரிச்சுவடி வாங்கிக் கொடுக்கிற அளவுக்கு வருகிறது. அந்த அரிச்சுவடியை நாலு காசுக்கு விற்றுவிட்டுப் பையன் பொம்மலாட்டம் பார்க்கப் போகிறான். இந்த ஓரிடத்தில் 'அது' பேசுகிறது என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்ளலாம். ஆனால் கொட்டகையில் என்ன நடக்கிறது? மேடையில் ஆடுகிற பொம்மைகள் அவனை அடையாளம் கண்டு, நம் சகோதரன் வந்துவிட்டான் என்று ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கட்டிப்பிடித்துக்கொள்கின்றன. தன்னைப்போல மரத்தால் ஆனவர்களை அவன் பார்க்கிற ஒரே இடம் அதுதான். பள்ளிக்கூடம் போகிற வழியில் அந்த இடம் இல்லை.

வெளியுலகம் என்கிற மூன்றாவது எசமானர் தன் முகத்தை முழுசாகக் காட்டுவது 19ஆம் அத்தியாயத்தில். நரியும் பூனையும் தன் தங்கக் காசுகளைத் திருடிவிட்டதாக பினோக்கியோ நீதிபதியிடம் முறையிடுகிறான். நீதிபதி ஒரு கிழட்டுக் கொரில்லா. தங்க பிரேம் போட்ட மூக்குக்கண்ணாடி, ஆனால் அதில் கண்ணாடி கிடையாது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, இவன் பணம் திருடப்பட்டிருக்கிறது, ஆகவே இவனைச் சிறையில் போடுங்கள் என்கிறது. நாலு மாதம். பிறகு ராஜா ஏதோ வெற்றிக்காகக் குற்றவாளிகளையெல்லாம் விடுதலை செய்கிறபோது, நீ குற்றவாளி இல்லையே, உனக்கு விடுதலை கிடையாது என்கிறான் சிறைக்காவலன். நானும் குற்றவாளிதான் என்று சொன்ன பிறகுதான் கதவு திறக்கிறது. குற்றவுணர்வு எப்படி உற்பத்தியாகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி வேண்டுமா? வெளியே வரவேண்டுமென்றால் செய்யாத குற்றத்தையும் உள்ளே ஏற்றுக்கொள்ள வேண்டும். கொரில்லாவை 'ஈகோவுக்கு யதார்த்தம் கற்பிக்கும் பாத்திரம்' என்று எழுதுகிறவர்களை என்ன செய்வது?

4

இனி மேல்நான். பேசும் சிள்வண்டு அந்த அறையில் நூறு வருடத்துக்கு மேலாகக் குடியிருப்பதாகச் சொல்கிறது. அதாவது இந்தக் குழந்தைக்கு, இந்தத் தகப்பனுக்கு, அநேகமாக இந்த வீட்டுக்கே முந்தியது. பெற்றோர் பேச்சைக் கேட்காத பிள்ளை உருப்படாது என்று அது ஆரம்பிக்கிறது. பினோக்கியோ மரச்சுத்தியலைத் தூக்கி எறிகிறான். வண்டு சுவரோடு ஒட்டிச் செத்துப்போகிறது. நாலாவது அத்தியாயத்திலேயே மேல்நானைக் கொன்றாகிவிட்டது. கதை முடியவேண்டும், ஆனால் முடியவில்லை. செத்த வண்டு 13ஆம் அத்தியாயத்தில் ஆவியாக வந்து எச்சரிக்கிறது. 16இல் வைத்தியராக வந்து நிற்கிறது. கடைசியில் சொந்த வீட்டுக்காரராக வந்து மன்னிப்பு வழங்குகிறது. கொல்லப்பட்ட தந்தை உயிரோடிருந்த தந்தையைவிட வலுவானவன் ஆகிறான் என்று 1913இல் 'குலக்குறியும் விலக்கும்' நூலில் ஃப்ராய்ட் சொன்னது இங்கே வரிக்கு வரி நடக்கிறது. ஃப்ராய்டின் உண்மையான பயன் இந்தமாதிரி இடத்தில்தான். வண்டு எதன் குறியீடு என்று கேட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. செத்த பிறகு அதன் அதிகாரம் எப்படிக் கூடுகிறது என்று கேட்கவேண்டும்.

வண்டைவிடக் கொடுமையானது நீலமுடித் தேவதை. அவள் அடிப்பதில்லை, திட்டுவதில்லை. மருந்து குடிக்கமாட்டேன் என்றால் நாலு கறுப்பு முயல்கள் சவப்பெட்டியோடு வந்து நிற்கும். வீடு திரும்ப நேரமானால், தம்பி பினோக்கியோ கைவிட்டதால் துக்கத்தில் இறந்துபோனாள் என்று எழுதிய கல்லறையை அவன் பார்ப்பான். அவள் சாகவில்லை. ஆனால் குழந்தை கதறி அழுதது உண்மை. போலீசால் முடியாததை இந்தக் கல்லறை சாதித்துவிடுகிறது. நாகரிகம் மனிதனின் மூர்க்கத்தை எப்படி அடக்குகிறது என்று 1930இல் எழுதும்போது ஃப்ராய்ட் ஒரு ராணுவ உவமை சொல்கிறார்: பிடிபட்ட நகரத்துக்குள் நிறுத்திவைக்கப்பட்ட காவற்படை. மேல்நான் என்பது அதுதான். படையெடுத்து வந்தவன் யார், நகரம் யாருடையது என்பதை மறந்துவிட்டு, காவற்படையை மட்டும் 'ஒழுக்கம்' என்று புகழ்ந்துகொண்டிருக்கிறது நம் விமர்சனம்.

படையெடுத்தவன் யார் என்பதற்கு வரலாறு இருக்கிறது. இத்தாலி ஒரே ராஜ்யமானது 1861இல். அப்போது அந்த நாட்டில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். 1877இல் கொப்பினோ சட்டம் 6 முதல் 9 வயது வரை பள்ளிக்கூடத்தைக் கட்டாயமாக்கியது. தேசம் உருவாகிவிட்டது, தேசத்துக்கான ஆட்களை இனிமேல்தான் செய்யவேண்டும். கொலோடி அந்த வேலையில் இருந்தவர். 1848, 1859 போர்களில் தொண்டராகப் போனவர். அதே 1877இல் 'ஜன்னெத்தினோ' என்ற பள்ளி வாசகத்தை எழுதியவர். அவர் கையிலிருந்துதான் பள்ளிக்கூடத்தை வெறுக்கிற பொம்மையும் வந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குழந்தைகளுக்கான ஒரு வாரப்பத்திரிகையில் 1881 ஜூலையில் தொடராகத் தொடங்கிய இந்தக் கதையை அவர் அக்டோபரில் முடித்துவிட்டார். 15ஆம் அத்தியாயத்தில் பினோக்கியோ பெரிய ஓக் மரத்தில் தூக்கில் தொங்குகிறான், அப்பாவை நினைத்துக்கொண்டே சாகிறான், முற்றும். அடங்காத குழந்தைக்கு எழுத்தாளர் கொடுத்த முதல் தீர்ப்பு மரண தண்டனை. வாசகர்களும் பத்திரிகையும் விடவில்லை. 1882இல் தேவதையை வரவழைத்து அவனைக் கயிற்றிலிருந்து இறக்கினார். 1883இல் அது புத்தகமானது. தூக்குக் கயிறு போய்க் குற்றவுணர்வு வந்த இடம்தான் இந்தப் பிரதியின் நடுத்தையல். முன்பாதியில் வெளியே இருந்த தண்டனை பின்பாதியில் உள்ளே போகிறது. தனித்தனிப் பாத்திரத்தில் மேல்நானைத் தேடுகிறவர்களுக்கு இந்தத் தையல் தெரியாது. பிரதியின் கட்டமைப்பிலேயே அது ஓடுகிறது.

5

ஃப்ராய்ட் தானே குழந்தைக் கதைகளை எப்படிப் பயன்படுத்தினார் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். 1918இல் அவர் வெளியிட்ட 'ஓநாய் மனிதன்' ஆய்வில் ஒரு ரஷ்யப் பணக்கார வீட்டுப் பையன் வருகிறான். ஒரு கதைப்புத்தகத்தில் நிமிர்ந்து நிற்கும் ஓநாய்ப் படம் இருக்கிறது. அதைப் பார்த்தாலே அலறுவான். அவன் அக்கா வேண்டுமென்றே அந்தப் படத்தைக் கண்ணில் படும்படி காட்டிக்கொண்டிருப்பாள். ஓநாய் இட்டா, சூப்பர் ஈகோவா என்ற ஆராய்ச்சியில் ஃப்ராய்ட் இறங்கவில்லை. புத்தகத்தைப் பார்த்த குழந்தைக்கு என்ன ஆயிற்று, யார் காட்டினார்கள், எந்த வீட்டில் என்றுதான் கேட்டார். மனம் இருப்பது வாசிக்கிறவனிடம். காகிதத்தில் இருக்கிற ஓநாய்க்கு மனம் கிடையாது.

இதோடு அந்த 1933 விரிவுரைகளில் இன்னொரு கருத்தைச் சேர்த்துப் படிக்கவேண்டும். குழந்தையின் மேல்நான் பெற்றோரைப் பார்த்து உருவாவதில்லை, பெற்றோரின் மேல்நானைப் பார்த்து உருவாகிறது என்கிறார். அதனால்தான் மரபு தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகிறது. சித்தாந்தங்களை வெறும் பொருளாதார நிலைமைகளின் விளைவு என்று பார்க்கும் வரலாற்றுப் பொருள்முதல்வாதம் இதைக் குறைத்து மதிப்பிடுகிறது. பழமை மேல்நானுக்குள் குடியிருக்கிறது, நிகழ்காலத்துக்கு அது மெதுவாகத்தான் வழிவிடுகிறது என்றும் அங்கேயே சொல்கிறார். இதில் நமக்குச் சண்டை இருக்கலாம். ஆனால் வருமானம் மாறியும் வீடு மாறியும் சாதி ஏன் மாறவில்லை என்று கேட்கிற எந்த இயக்கத்தானும் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிட முடியாது.

குழந்தை இலக்கியம் என்பது இந்தக் கைமாற்றம் நடக்கிற முக்கியமான கடைவீதி. எழுதுவது பெரியவர், அச்சிடுவது பெரியவர், காசு கொடுத்து வாங்குவது பெரியவர். 'குழந்தை' என்று அதில் வருவது பெரியவர்களின் ஆசை வரைந்த படம் என்று ஜாக்குலின் ரோஸ் 1984இல் பீட்டர் பான் பற்றிய நூலில் வாதிட்டார். ஆக, கதைக்குள் மேல்நான் எங்கே என்று தேடுவதற்கு முன்னால், இந்தப் புத்தகமே யாருடைய மேல்நான் என்று கேட்கவேண்டும்.

டிஸ்னி 1940இல் எடுத்த படத்தை வைத்து இதைச் சோதித்துப் பார்க்கலாம். கொலோடியின் ஜெப்பெத்தோ வீட்டில் சுவரில் வரைந்த அடுப்பு. டிஸ்னியின் ஜெப்பெத்தோ வீட்டில் கடிகாரங்களும் பொம்மைகளும் நிறைந்து வழிகின்றன. அவனுக்கு ஒரே குறை பிள்ளை இல்லாததுதான், அதற்காக நட்சத்திரத்திடம் வேண்டிக்கொள்கிறான். பசி காணாமல் போய்விட்டது. நாலாவது அத்தியாயத்தில் செத்த சிள்வண்டோ கோட்டும் தொப்பியும் குடையுமாகப் படம் முழுக்க வருகிறது. மனசாட்சி என்ற பதவி கொடுத்து, முடிவில் தங்க வில்லையும் குத்தியாகிறது. சுத்தியல் எறிந்த காட்சி அவுட். வெளியுலகம் என்கிற எசமானரை வீட்டை விட்டு அனுப்பிவிட்டு, மேல்நானைக் கதாநாயகன் ஆக்கியதுதான் இந்தத் தழுவல். சீட்டு ஒட்டுகிற கட்டுரைகள் பெரும்பாலும் வாசிப்பது இந்தப் பினோக்கியோவைத்தான்.

பெத்தல்ஹைமை மறுபடி நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 1938-39இல் டாக்கவ், புக்கன்வால்ட் வதைமுகாம்களில் கிடந்து மீண்டவர். சிகாகோவில் மனம் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கான பள்ளியை 1944 முதல் 1973 வரை நடத்தியவர். குழந்தையின் நனவிலிக்குக் கதைகள் எவ்வளவு மருந்து என்று உலகத்துக்குச் சொன்னவர். 1990இல் அவர் இறந்த பிறகு, அந்தப் பள்ளியில் வளர்ந்த சிலர் அவர் தங்களை அடித்தார் என்று வெளிப்படையாக எழுதினார்கள். அவருக்காகப் பேசியவர்களும் உண்டு. ஒரு மனிதரின் வாழ்க்கையை வைத்து அவர் கோட்பாட்டைத் தள்ளிவிடமுடியாது. ஆனாலும் 'அடங்குவதே முதிர்ச்சி' என்று எல்லாக் கதைகளிலும் படிக்கிற ஒரு வாசிப்புக்கு எதிரே, அடங்கவைக்கப்பட்டவர்களின் குரல் வந்து நின்றது தற்செயல் என்று ஒதுக்கிவிட்டுப் போகவும் முடியவில்லை.

இது வெளிநாட்டு விவகாரம் என்று நாம் கைகழுவ வேண்டாம். எழுத்தைக் கற்றுக்கொடுக்கும்போதே கட்டளையையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்கிற ஔவையின் ஆத்திசூடியில்தான் நம் குழந்தை அகரம் தொடங்குகிறது. பாரதி புதிய ஆத்திசூடி எழுதியபோது கட்டளைகளின் உள்ளடக்கம் தலைகீழாக மாறியது. அது சாதாரண மாற்றம் அல்ல. ஆனாலும் ஏவல் வினை ஏவல் வினையாகவே இருந்தது. குழந்தைகளுக்கு எழுதுகிற முற்போக்காளர்கள் இந்த இடத்தில் தங்களையே கேட்டுக்கொள்ள வேண்டும். நம் கதைகளில் வருகிற அறிவியல் மாமாவும், போராடக் கற்றுக்கொடுக்கிற அக்காவும், சமத்துவம் பேசுகிற யானையும் சட்டை மாற்றிப்போட்ட சிள்வண்டுதானா? குழந்தை அவர்கள்மேல் சுத்தியலை எறிவதற்கு நம் கதையில் ஒரு பக்கமாவது உண்டா? டாக்டர் சூஸ் மாதிரி, அம்மாவிடம் சொல்வாயா என்று கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் விலகிக்கொள்கிற துணிச்சல் நமக்கு இருக்கிறதா?

பினோக்கியோவின் கடைசி அத்தியாயம் இந்தக் கேள்விகளையெல்லாம் தனக்குள் வைத்திருக்கிறது. விளையாட்டு நாட்டுக்குப் போனவர்கள் கழுதைகளாகி விற்கப்பட்டுவிட்டார்கள். உடம்புக்கு முடியாத ஜெப்பெத்தோவுக்கு ஒரு கிளாஸ் பாலுக்காக பினோக்கியோ நூறு வாளி தண்ணீர் இறைக்கிறான். இதுவரை அந்த ஏற்றத்தை இழுத்துக்கொண்டிருந்த கழுதை சாகக் கிடக்கிறது. போய்ப் பார்த்தால் அவன் கூட்டாளி, 'விளக்குத்திரி' என்று பட்டப்பெயர் கொண்ட பையன். செத்துப்போகிறான். செத்த கழுதையின் இடத்தில் நண்பன் ஐந்து மாதத்துக்கு மேல் தண்ணீர் இறைக்கிறான். இதற்கெல்லாம் முன்பே எதிர்ப்படுகிற நரியும் பூனையும் இப்போது நிஜமாகவே பிச்சைக்காரர்கள். கும்பிட்டுக் கேட்கிறார்கள். பினோக்கியோ பழமொழிகளாக அடுக்கிச் சொல்லிவிட்டு நகர்ந்துபோகிறான். ரொட்டி கேட்டுத் தலையில் தண்ணீர் வாங்கிய அதே பிள்ளை இவன். சிள்வண்டு இனி வெளியே இருந்து பேசவேண்டிய தேவையில்லை.

கடைசியில் அவன் நிஜப் பையன். பையில் நாற்பது செப்புக் காசுக்குப் பதில் நாற்பது தங்கக் காசு. பழைய மரப்பொம்மை எங்கே என்று கேட்கிறான். ஜெப்பெத்தோ காட்டுகிறார். நாற்காலியில் சாய்ந்து, தலை ஒருபக்கம் தொங்க, கைகள் தொங்க, கால்கள் மடங்கிக் கிடக்கிறது. அதைப் பார்த்து, பொம்மையாக இருந்தபோது எவ்வளவு வேடிக்கையாக இருந்தேன் என்று அவன் மகிழ்ந்துகொள்வதோடு கதை முடிகிறது. ஈகோ வென்றது என்று எழுதுகிறவர்கள் அந்தப் பையன் பக்கம் நின்று பொம்மையைப் பார்க்கிறார்கள். கொலோடி பொம்மையை எரிக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. நாற்காலியில் சாய்த்து வைத்திருக்கிறார். பசித்தது அதற்குத்தான், சுத்தியலை எறிந்ததும் அதுதான், கொட்டகையில் சகோதரர்கள் கட்டிப்பிடித்ததும் அதைத்தான். குழந்தைகளுக்கு எழுதுகிறவர்களும் அந்தக் கதைகளைப் பற்றி எழுதுகிறவர்களும் அந்த நாற்காலியின் பக்கத்தில் போய் உட்கார்ந்து கதையை மறுபடி முதலிலிருந்து வாசித்துப் பார்க்கலாம்.